மெசபடோமியா செம்பு ஊசிகளைப் பாத்துப் புரிஞ்சுக்கிறது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்குக் கிளம்புற அவசரத்துல தோள்ல சேப்டி பின் குத்த மறந்துட்டு புடவையோட பஸ் ஏறினவங்களுக்குத் தெரியும், விரல் நீளம்கூட இல்லாத ஒரு ஊசி ஒரு நாள் முழுக்க என்ன வேலை பாக்குதுன்னு. இன்னைக்கு ஈராக்னு சொல்ற நாட்டுல 4500 வருஷத்துக்கு முன்னாடி இருந்த பொம்பளைங்களுக்கும் இதே கவலை இருந்துச்சு. அவங்களும் நம்மள மாதிரிதான், வெட்டித் தைக்காத நீளத் துணியை உடம்புல சுத்தி தோள்ல கொண்டுவந்து நிறுத்தினவங்க, அந்தத் துணி நிக்கிறதுக்கு அவங்க குத்தின செம்பு ஊசிகள் இன்னைக்கு மியூசியம்ல பச்சைக் குச்சி மாதிரி வரிசையா கிடக்குது. பக்கத்துல ஒரு சின்ன அட்டையில "செம்பு ஊசி, உர், கி.மு. 2600" அவ்ளோதான் எழுதியிருக்கும். தங்கக் கிரீடத்துக்கு முன்னாடி கூட்டம் நிக்கும், இந்தக் குச்சிங்க முன்னாடி ஒருத்தரும் நிக்க மாட்டாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும்.

எங்கம்மா தையல்காரங்க, வீட்டுல ஊசியோடயே வளந்ததாலயோ என்னவோ இந்தக் குச்சிங்க மேல எனக்கு ஒரு பிடிப்பு. அதனால இதை எப்படிப் பாக்கணும், எது பின் எது தையல் ஊசி எது இது ரெண்டுமே இல்ல, எதை வச்சு சொல்றாங்கன்னு முதல்லேருந்து எழுதுறேன். அகழாய்வுல வாலண்டியரா போகப் போற ஸ்டூடண்ட்டா இருந்தாலும் சரி, வீட்டுல உக்காந்து மியூசியம் வெப்சைட்ல போட்டோ பாக்குறவரா இருந்தாலும் சரி, இதே வரிசையில போங்க.

ஸ்டெப் 1: முதல்ல மண்ணைப் புரிஞ்சுக்கோங்க

மெசபடோமியாங்கிறது டைக்ரிஸ், யூப்ரடீஸ் ரெண்டு ஆத்துக்கும் நடுவுல இருக்குற வண்டல் பூமி. தெக்குப் பக்கம் போனா களிமண், நாணல், பேரீச்சை மரம் இதுதான் கண்ணுக்கு எட்டுன வரைக்கும், வீடு கட்டக் கல்லுகூட கிடையாது, செம்புத் தாதுக்கு எங்க போறது. அதனால உர், உருக் மாதிரி ஊர்ல கிடைச்ச ஒரு செம்பு ஊசியைப் பாத்தீங்கன்னா அந்தச் செம்பு கட்டாயம் வெளியூர்லேருந்து வந்ததுதான், இதை மனசுல வச்சுக்கோங்க. வடக்க டைக்ரிஸ் உற்பத்தியாகுற பக்கம் எர்கானி மலைகள்ல (இன்னைக்கு துருக்கி) செம்பு இருந்துச்சு, கிழக்க ஈரான் மேட்டு நிலத்துல இருந்துச்சு, தெக்க கடல் வழியா மகன் அப்படின்னு அவங்க சொன்ன ஓமன் மலைகள்லேருந்து வந்துச்சு. ஓமன் செம்பு தில்முன் வழியாத்தான் கைமாறும், தில்முன்னா இன்னைக்கு பஹ்ரைன் பக்கம்.

இந்த வியாபாரம் எவ்ளோ சூடா நடந்துச்சுங்கிறதுக்கு ஒரு களிமண் பலகையே சாட்சி. கி.மு. 1750 வாக்குல உர்ல இயா நாசிர்னு ஒரு செம்பு வியாபாரி இருந்தாரு, அவர்கிட்ட சரக்கு வாங்கின நன்னிங்கிறவர் நல்ல செம்பு தர்றேன்னு சொல்லிட்டு மட்டமான செம்பைக் காட்டுற, நான் அனுப்புன ஆளையும் மரியாதை இல்லாம திருப்பி அனுப்புறன்னு கோவமா எழுதி அனுப்பியிருக்காரு, அந்தப் பலகை இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியம்ல இருக்கு. செம்பு நல்லதா கெட்டதாங்கிறது அவங்களுக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு இதுல தெரியுது இல்லையா.

காலத்தையும் ஒரு தடவை தெளிவு பண்ணிக்கணும். செம்பை உருக்காம, இயற்கையா கிடைக்கிற செம்புக் கட்டியை அப்படியே தட்டி ஊசி பண்ற பழக்கம் டைக்ரிஸ் மேல்பகுதியில சாயோனுங்கிற ஊர்ல கி.மு. 8000 வாக்குலயே இருந்துச்சு, பானை சுடவே இன்னும் ஆரம்பிக்காத காலம் அது. அங்கேருந்து உர் அரச கல்லறைக்கு (கி.மு. 2600 வாக்குல) 5000 வருஷத்துக்கு மேல. இவ்ளோ பெரிய இடைவெளியை "மெசபடோமிய ஊசி"ன்னு ஒரே வார்த்தையில யாராவது சொன்னா எந்த நூற்றாண்டு, எந்த மேடுன்னு திருப்பிக் கேளுங்க. மேடுன்னு ஏன் சொல்றேன்னா, அங்க மண் வீடு இடிய இடிய அது மேலயே கட்டிக் கட்டி ஊரே மலை மாதிரி எழும்பிரும், அதை அங்க தெல்னு சொல்லுவாங்க, அந்த அடுக்குல எந்த அடுக்குங்கிறதுதான் காலம்.

ஸ்டெப் 2: ஊசியைப் பாக்காதீங்க, அது கிடந்த இடத்தைப் பாருங்க

இந்த முழு விஷயத்துலயும் ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா அது இதுதான், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

உர் ஊரை லியோனார்ட் வூலி 1922லேருந்து 1934 வரைக்கும் தோண்டினாரு, பிரிட்டிஷ் மியூசியமும் பென்சில்வேனியா யூனிவர்சிட்டி மியூசியமும் சேந்து பண்ண வேலை. கல்லறைப் பகுதியில மட்டும் 1800க்கும் மேல குழிகள், அதுல 16 குழியைத்தான் அவர் அரச கல்லறைன்னு சொன்னாரு. மீதி எல்லாம் சாதாரண ஜனங்க. அந்தச் சாதாரணக் குழிகள்ல பல உடம்புகளை நாணல் பாயில சுருட்டி வச்சிருந்தாங்க, அந்தப் பாய் பிரியாம இருக்க ஒரு நீளமான செம்பு ஊசியைக் குத்தியிருந்தாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, அதே மாதிரி ஊசி இன்னொரு குழியில தோள் எலும்பு பக்கத்துல கிடந்தா அது துணிக்குக் குத்துனது, மண்டை ஓட்டுக்குப் பின்னாடி கிடந்தா கொண்டைக்குக் குத்துனது, உடம்புக்கு வெளியில பாயோட தடம் ஓடுற வரியில கிடந்தா பாய்க்குக் குத்துனது. ஊசி ஒண்ணுதான், வேலை மூணு. அந்த ஊசியை யாரோ புடுங்கி எடுத்துக் கழுவி ஒரு டப்பாவுல போட்டுட்டா அப்புறம் எந்த மிஷினாலயும் அந்த மூணுல எதுன்னு சொல்ல முடியாது.

கிட்டப் போய் ஒரு குழியைப் பாப்போம், நம்பர் 800, ராணி புவாபியோட கல்லறை. மரக் கட்டில் மேல படுக்க வச்சிருந்தாங்க, மேல் உடம்பு முழுக்கத் தங்கம், லாபிஸ் லசூலிங்கிற நீலக்கல், சூதுபவள மணிகள், தலையில தங்க இலைகள். எல்லாரும் அந்த இலைகளைத்தான் பாப்பாங்க. நீங்க வலது கையோட மேல்பக்கத்தைப் பாருங்க. அங்க லாபிஸ் தலை வச்ச நீளமான தங்க ஊசிகள், அதோட ஒட்டுன மாதிரி உருளை முத்திரைகள் (ஈரக் களிமண் மேல உருட்டி அடையாளம் பதிக்கிற சின்ன உருளைக் கல்), அதுல ஒண்ணுல அவங்க பேரே வெட்டியிருக்கு. முத்திரை அங்க ஏன் வந்துச்சு? தோள்ல துணியைப் பிடிச்சிருந்த ஊசியிலேருந்து ஒரு கயித்துல முத்திரையைத் தொங்க விட்டிருக்காங்க, நம்ம வீட்டுல அம்மாக்கள் இடுப்புல சாவிக்கொத்து சொருகிக்கிற மாதிரி. கயிறு மக்கிப் போச்சு, துணி மக்கிப் போச்சு, ஊசியும் முத்திரையும் மட்டும் பக்கத்துல பக்கத்துல கிடந்துச்சு. அந்தக் கிடை அப்படியே வரைஞ்சு வைக்கப்பட்டதாலதான் இன்னைக்கு நமக்கு இது தெரியுது.

அதே கல்லறைத் தோட்டத்துல 1237ம் நம்பர் குழியில அரச சாவுச் சடங்குல கூடவே புதைக்கப்பட்ட 74 பேர், அதுல 68 பொம்பளைங்க, தலையில தங்க ரிப்பனோ வெள்ளி ரிப்பனோ கட்டினவங்க. ஒருத்தியோட வெள்ளி ரிப்பன் மட்டும் தலையில இல்லாம இடுப்புப் பக்கம் சுருட்டுனது சுருட்டுனபடியே கிடந்துச்சு. பாவம், நேரமாயிருச்சுன்னு மடியில சொருகிக்கிட்டு ஓடி வந்திருப்பான்னு வூலி நினைச்சாரு. ரிப்பன் என்ன மெட்டல், எத்தனை கிராம்ங்கிறதுல இந்தக் கதை இல்ல, கிடந்த இடத்துலதான் இருக்கு.

நம்மூர்ல காதற்ற ஊசிகூட கடைசியில கூட வராதுன்னு சொல்லுவோம். உர்ல ஊசி கூடவே போச்சு, அதனாலதான் நமக்குக் கிடைச்சிருக்கு. இதுல ஒரு சிக்கலும் இருக்கு, கவனிச்சுக்கோங்க. துணிக்குக் குத்துற பின் பெரும்பாலும் கல்லறையில கிடைக்கும், தையல் ஊசியும் குத்தூசியும் பெரும்பாலும் வீட்டுத் தரையில, பட்டறையில, குப்பைக் குழியில கிடைக்கும், ஏன்னா அது வேலை செய்யுற இடத்துல தொலைஞ்சு போற சாமான். எங்கம்மா மிஷினுக்கு அடியில காந்தத்தை ஓட்டினா அஞ்சாறு ஊசி வரும், அவங்க மண் தரையில விழுந்த செம்பு ஊசி காந்தத்துக்கும் வராது, மிதிச்சு மிதிச்சு உள்ள போயிரும். அப்புறம் உடைஞ்ச செம்பை யாரும் தூக்கிப் போட மாட்டாங்க, விலை போற சரக்கு, உருக்கி வேற சாமான் பண்ணிருவாங்க. அதனால தையல் ஊசி கம்மியா கிடைக்குதுன்னா தையல் கம்மின்னு அர்த்தம் இல்ல. அகழாய்வுல மண்ணைச் சலிக்கிற சல்லடைக் கண்ணு பெருசா இருந்தாலும் ஊசி நழுவிப் போயிரும், வாலண்டியரா போறவங்க சல்லடையில ரொம்பப் பொறுமையா இருங்க.

ஸ்டெப் 3: ஓட்டை எங்க இருக்குன்னு பாருங்க

இடம் தெரிஞ்சாச்சு, இப்ப ஊசியைக் கையில எடுக்கலாம், போட்டோவா இருந்தா ஜூம் பண்ணலாம்.

ஓட்டை ஒரு முனையோட கடைசியில இருந்தா அது தையல் ஊசி, நம்ம ஊசிக்குக் காது இருக்குற அதே இடம். சில ஊசியில முனையைத் தட்டையா தட்டி ஓட்டை போட்டிருப்பாங்க, சிலதுல முனையைத் திருப்பி வளைச்சு வளையம் மாதிரி விட்டிருப்பாங்க. பெருசா தடியா இருந்தா நம்ம கோணி ஊசி மாதிரி வேலைக்கு, பாய், சாக்கு, தோல் இதெல்லாம் தைக்க.

ஓட்டை முனையில இல்லாம உடம்புல, தலைக்குக் கொஞ்சம் கீழ, மேல் பாதியில இருந்தா அது துணிக்குக் குத்துற பின். இங்கிலீஷ்ல டாகிள் பின்னு சொல்லுவாங்க, மியூசியம் வெப்சைட்ல தேடும்போதும் இந்தப் பேர்ல தேடினாத்தான் வரும். நடு உடம்புல எதுக்கு ஓட்டைன்னு நிறைய பேருக்குக் குழப்பமா இருக்கும், வீட்டுலயே செஞ்சு பாருங்க, பத்து நிமிஷ வேலை. ஒரு சாண் நீளத்துக்கு ஒரு மூங்கில் குச்சி எடுத்து ஒரு முனையைச் சீவுங்க, மேலேருந்து மூணுல ஒரு பங்கு தூரத்துல ஒரு ஓட்டை போட்டு ஒரு முழம் கெட்டி நூலைக் கோத்துக் கட்டுங்க. ஒரு துண்டைத் தோள்ல ரெண்டு மடிப்பா சேத்துப் பிடிச்சு குச்சியை ரெண்டு மடிப்புலயும் உள்ள விட்டு வெளிய எடுங்க. இப்ப ரெண்டு பக்கமும் குச்சி நீட்டிக்கிட்டு நிக்கும், நூலை எடுத்து கூர்முனைக்கு அடியில ஒரு சுத்து, தலைக்கு அடியில ஒரு சுத்து, மறுபடி முனை, மறுபடி தலை, எட்டு போடுற மாதிரி. கையைத் தூக்குங்க, குனிங்க, நடங்க. நூல் இல்லாம குத்திப் பாத்தா ரெண்டு அடி எடுத்து வைக்கிறதுக்குள்ள குச்சி நழுவிரும், நூலைச் சுத்திட்டா துண்டு அசையாது. சேப்டி பின்ல ஸ்பிரிங்கும் கொக்கியும் செய்யுற வேலையை அங்க ஓட்டையும் நூலும் செஞ்சிருக்கு. மிச்ச நூல்ல மணியையோ முத்திரையையோ தொங்க விட்டா புவாபி தோள்ல பாத்ததேதான்.

ஓட்டையே இல்லைன்னா? அங்கதான் தப்பு பண்ணுவோம். ரெண்டு முனையும் கூரா, நடுவுல சதுரமா தடிச்சு இருந்தா அது குத்தூசி, ஒரு முனை மரக் கைப்பிடிக்குள்ள போயிருக்கும், செருப்புத் தைக்கிறவங்ககிட்ட பாத்திருப்பீங்க. முனை கூரா இல்லாம மழுங்கி உருண்டையா இருந்தா மை தீட்டுற குச்சியா இருக்கலாம். முனை குட்டி கரண்டி மாதிரி குழிஞ்சிருந்தா காது குடையுறது. உர்ல இந்த மாதிரி ஒரு செட்டாவே கிடைச்சிருக்கு, சாமணம், குத்துற ஊசி, காது குடையுற குச்சி எல்லாம் ஒரே வளையத்துல கோத்து ஒரு சின்ன உறைக்குள்ள, நம்ம பாட்டிங்க வச்சிருந்த முள்வாங்கி செட்டைப் பாத்தவங்களுக்கு உடனே அடையாளம் தெரியும். இன்னொண்ணு, லகாஷ் மன்னர் குடியா, உர் மன்னர் உர் நம்மு இவங்க கோயில் அஸ்திவாரத்துல புதைச்ச செம்பு முளைகள், கீழ கூரா மேல மனுஷ உருவமா இருக்கும், கி.மு. 2100 வாக்குல. கூரா இருக்குங்கிறதுக்காக அதை ஊசியோட சேக்கக் கூடாது, அது அஸ்திவாரத்துக்கு நாட்டுன முளை.

சில சமயம் ஓட்டை இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, களிம்பு ஏறி அடைஞ்சிருக்கும். எக்ஸ்ரே எடுத்தா கறுப்புப் புள்ளியா தெரியும். அதனால பழைய லிஸ்ட்ல "ஓட்டை இல்லாத ஊசி"ன்னு இருந்தா அதை அப்படியே நம்பிராதீங்க, எக்ஸ்ரே எடுத்திருக்காங்களான்னு பாருங்க.

ஸ்டெப் 4: தலையைப் பாருங்க

சாதாரண ஊசிக்குத் தலை வெறுமனே தடிச்சோ வளைஞ்சோ இருக்கும். வசதியானவங்களுக்கு உருண்டை மணித் தலை, லாபிஸ் லசூலியில பண்ணது, அந்த நீலக்கல் ஆப்கானிஸ்தான் படக்‌ஷான் மலையிலேருந்து வந்தது. கீழ ஓமன் செம்பு, மேல ஆப்கான் கல், ரெண்டும் சேர்றது உர்ல, ஒரு ஊசியிலயே பாதி ஆசியா இருக்குன்னு எனக்குத் தோணும். தலையை ரெண்டு பக்கமும் சுருட்டி விட்ட ஊசிகள் மெசபடோமியாவுல மட்டும் இல்ல, ஈரான், மத்திய ஆசியா, சிந்து சமவெளி வரைக்கும் கிடைக்குது, அதனால சுருள் தலையை மட்டும் வச்சு ஊர் சொல்லாதீங்க.

பெரிய தட்டுத் தலை, மிருகம் செதுக்குன தலை இதெல்லாம் பாத்தா கொஞ்சம் நிதானிங்க. அது பெரும்பாலும் லூரிஸ்தான் சாமானா இருக்கும், மேற்கு ஈரான்ல ஜாக்ரோஸ் மலைப் பக்கம், ரொம்பப் பிந்தின காலம். இதே மாதிரி வில்லு மாதிரி வளைஞ்சு, ஒரு ஊசி போய்க் கொக்கியில மாட்டுற மாதிரி இருந்தா அது ஃபிபுலா, நம்ம சேப்டி பின்னோட தாத்தா, மெசபடோமியாவுல அசீரியர் காலத்துல கி.மு. 8ம் நூற்றாண்டு வாக்குல பரவி, நேர் பின் பாத்த வேலையை எடுத்துக்கிச்சு.

ஸ்டெப் 5: செம்பா, வெண்கலமா?

கண்ணால பாத்துச் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. பழைய ரிப்போர்ட்ல எல்லாத்தையும் செம்புன்னு எழுதியிருப்பாங்க, இல்ல எல்லாத்தையும் வெண்கலம்னு எழுதியிருப்பாங்க, இப்ப மியூசியம்கள் "செம்புக் கலவை"ன்னு எழுதுறது அதனாலதான், அது நேர்மையான வார்த்தை. முதல்ல ஆர்சனிக் கலந்த செம்பு ரொம்ப காலம் ஓடுச்சு, அப்புறம் உர் அரச கல்லறைக் காலத்துல வெள்ளீயம் கலந்த வெண்கலமும் நல்லாவே புழக்கத்துக்கு வந்துருச்சு, ரெண்டும் கூடவே கிடைக்குது. வெள்ளீயம், ஆர்சனிக் எதுக்குன்னா கெட்டித்தன்மைக்கு, சுத்தச் செம்புல ஊசி பண்ணா தடிப் பாய்ல குத்தும்போது வளைஞ்சு போகும்.

கையில பிடிக்கிற எக்ஸ்ஆர்எஃப் மிஷின் இப்ப நிறைய இடத்துல இருக்கு, ஊசி மேல காட்டினா ஒரு நிமிஷத்துல என்னென்ன மூலகம் இருக்குன்னு சொல்லிரும். ஆனா அது மேல்தோலைத்தான் படிக்கும், களிம்புல படிஞ்ச மண்ணையும் சேத்துப் படிக்கும், உள்ள இருக்குற உலோகம் அதே அளவுல இருக்கணும்னு இல்ல. செம்பு எந்த மலைன்னு தெரியணும்னா ஈய ஐசோடோப் (செம்புல துளியா கலந்திருக்குற ஈயத்தோட அணு வகைகள், அதோட விகிதம் தாதுக்குத் தாது மாறும்) பாக்கணும், அதுக்கு ஊசியிலேருந்து ஒரு துணுக்கு எடுக்கணும், மியூசியம் சும்மா சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. இன்னொரு விஷயம், பழைய செம்பையும் புதுச் செம்பையும் சேத்து உருக்கினவங்க அவங்க, ரெண்டு மலைச் செம்பு கலந்திருந்தா ஐசோடோப்பும் நடுவுல ஏதோ ஒரு இடத்தைக் காட்டும்.

ஸ்டெப் 6: எப்படிப் பண்ணாங்கன்னு தடத்தைத் தேடுங்க

செம்பு 1085 டிகிரியில உருகும், ஊதுகுழல் வச்சு கரி அடுப்புல அந்தச் சூட்டைக் கொண்டுவந்துருவாங்க. உருக்கி ஒரு நீளக் கம்பியா வார்த்துட்டு அதுக்கப்புறம் சுத்தியல் வேலைதான். இன்னைக்கு மாதிரி ஓட்டை வழியா கம்பியை இழுத்து மெலிசாக்குற வித்தை அப்ப கிடையாது, தட்டித் தட்டித்தான் நீட்டணும். செம்பைக் காய்ச்சாம தட்டத் தட்ட அது முறுக்கேறி கெட்டியாகும், ஒரு அளவுக்கு மேல போனா விரிசல் விடும், அப்ப மறுபடி நெருப்புல செவக்கக் காய்ச்சினா இளகிரும், மறுபடி தட்டலாம். கடைசியா முனையை மட்டும் காய்ச்சாம தட்டி விட்டுருவாங்க, முனை கெட்டியா நிக்கும். ஒரு துணுக்கை வெட்டிப் பளபளப்பாக்கி மைக்ராஸ்கோப்ல பாத்தா உலோகத்தோட துகள்கள் நசுங்கி நீண்டிருக்கா, இல்ல காய்ச்சுனதுல புதுசா உருவாகியிருக்கான்னு தெரியும், பட்டறைக்காரர் கடைசியா என்ன பண்ணாருங்கிறது வரைக்கும் சொல்லலாம்.

மைக்ராஸ்கோப் இல்லாதவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், போட்டோவுல ஊசியோட குறுக்கு வெட்டைக் கவனிங்க. மேல சதுரம், கீழ வட்டம்னு மாறுதுன்னா அது சுத்தியல் தடம், நாலு பக்கமும் தட்டி நீட்டிட்டு அப்புறம் மூலையை உருட்டி எடுத்திருக்காங்க.

ஸ்டெப் 7: களிம்பைத் தொடாதீங்க

இது எனக்கு ரொம்ப முக்கியமான இடம், ஏன்னா நம்ம கை பழக்கம் அப்படி. செம்புக் குடத்துல பச்சை ஏறினா புளி போட்டுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கிருவோம், அதே கையோட பழைய செம்பைப் பாத்தாலும் தேய்க்கத் தோணும். தயவுசெஞ்சு புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். அந்தப் பச்சைக்குள்ளதான் பாதி சரித்திரம் இருக்கு.

எப்படின்னா, துணி மக்குறது கிருமியால, செம்பு உப்பு கிருமியைக் கொல்லும். ஊசி குத்தியிருந்த இடத்துல துணி மக்குறதுக்குள்ள செம்பு உப்பு நூலுக்குள்ள ஊறி நூல் வடிவத்துலயே கல்லாகிரும். லென்ஸ் வச்சுப் பாத்தா பச்சைக் களிம்பு மேல பாவு நூலும் ஊடை நூலும் மேலயும் கீழயும் போறது தெரியும், சென்டிமீட்டருக்கு எத்தனை இழைன்னு எண்ணலாம், நூலை வலப்பக்கம் முறுக்கினாங்களா இடப்பக்கம் முறுக்கினாங்களான்னு பாக்கலாம். அந்த ஈர உப்பு மண்ணுல துணி தனியா கிடைக்கிறதே அபூர்வம், கிடைக்கிற கொஞ்சமும் இந்த மாதிரி செம்பு மேல ஒட்டுனதுதான். நகம் அளவு ஒரு பச்சைப் பொருக்கு, அதுல ஒருத்தி நூத்த நூல். புளி போட்டுத் தேய்ச்சா ரெண்டு நிமிஷத்துல போயிரும்.

பச்சையிலயும் நல்லது கெட்டது இருக்கு. கரும்பச்சையா, கெட்டியா, வழவழப்பா இருந்தா மலக்கைட், அது ஊசிக்கு ஒரு போர்வை மாதிரி, அடியில செவப்பா குப்ரைட் இருக்கும். வெளிர்பச்சையா, மாவு மாதிரி, தொட்டா கொட்டுற மாதிரி புள்ளி புள்ளியா இருந்தா அதுதான் வெண்கல நோய். மண்ணுலேருந்து ஏறுன குளோரைடு உள்ள உக்காந்திருக்கும், காத்துல ஈரம் பட்டா அமிலமாகி செம்பைத் தின்னும், தின்னதுலேருந்து மறுபடி அமிலம் வரும், நிக்காம ஓடிட்டே இருக்கும். நேத்து முழுசா இருந்த ஊசிக்கு அடியில இன்னைக்கு வெள்ளைப் பேப்பர்ல பச்சைத் தூள் கொட்டிக் கிடக்கும். ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழ வச்சா அது அடங்கும், அதுக்குத்தான் டப்பாவுல சிலிக்கா ஜெல். மருந்து வைக்கிறது, பென்சோட்ரையசோல் போடுறது இதெல்லாம் பயிற்சி எடுத்த கன்சர்வேட்டர் வேலை, அது நச்சு, வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. அகழாய்வுல உங்க கையில ஊசி வந்தா கிளவுஸ் போட்டு, தண்ணி காட்டாம, மண்ணோடயே, கெட்டியா தாங்கல் குடுத்து டப்பாவுல வைங்க. வளைஞ்சிருந்தா நிமித்தாதீங்க, உள்ள உலோகமே மிச்சம் இல்லாம முழுக்கக் களிம்பா இருக்கலாம், பென்சில் மாதிரி முறிஞ்சிரும்.

ஸ்டெப் 8: எழுத்தையும் படத்தையும் துணைக்குக் கூப்பிடுங்க

இந்த ஊசிக்காரங்க எழுதத் தெரிஞ்சவங்க, அதுதான் நமக்குப் பெரிய வரம். மெசபடோமியாவுல பேசின அக்காடிய மொழியில துதித்துன்னு ஒரு வார்த்தை, பொம்பளைங்க மார்புப் பக்கம் குத்துற நகை. ரொம்ப நாள் அதை மார்புப் பதக்கம்னுதான் நினைச்சாங்க, அப்புறம்தான் அது இந்த ஓட்டை வச்ச பின்னுன்னு அறிஞர்கள் எடுத்துச் சொன்னாங்க. இஷ்தார் தேவி பாதாளத்துக்கு இறங்குற கதையில ஏழு வாசல், ஒவ்வொரு வாசல்லயும் காவல்காரன் ஒண்ணு ஒண்ணா கழட்டுவான், முதல்ல கிரீடம், அப்புறம் காதணி, கழுத்து மணி, நாலாவது வாசல்ல மார்புல இருக்குற துதித்து, கடைசி வாசல்ல உடுத்துன துணி. அந்த வரிசையில கிரீடத்துக்கும் துணிக்கும் நடுவுல ஊசிக்கு ஒரு வாசலே குடுத்திருக்காங்க. குழந்தைகளைத் தூக்கிட்டுப் போற லமஷ்துங்கிற பேயை விரட்டுற தாயத்துகள்லயும் சீப்பு, தக்ளி, ஊசி செதுக்கியிருக்கும், இதெல்லாம் வாங்கிட்டுப் போயிடும்மான்னு பேய்க்கே குடுக்குற சீர். ஒரு பொம்பளைக்குக் குடுத்தா மனசு குளுரும்னு எந்தெந்தச் சாமானை அவங்க நினைச்சாங்கன்னு பாருங்க.

படத்துக்கு, சிரியாவுல யூப்ரடீஸ் கரையில இருக்குற மாரி ஊர்ல கிடைச்ச சிப்பிச் சித்திரங்களைத் தேடுங்க, 1933லேருந்து பிரெஞ்சுக்காரங்க தோண்டின இடம். அதுல பொம்பளைங்க மார்புல ஊசி குத்தி அதுலேருந்து சரம் தொங்குறது வெட்டத்தெளிவா இருக்கு. மூங்கில் குச்சியில நீங்க பண்ணிப் பாத்தது சரியான்னு அதோட ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்.

ஸ்டெப் 9: எழுதி வைங்க

மொத்த நீளம், தடிமன், தலையிலேருந்து ஓட்டை எவ்ளோ தூரம், ஓட்டையோட விட்டம், மேல நடுவுல முனையில குறுக்கு வெட்டு என்ன வடிவம், எடை, துணித் தடம் உண்டா. அளவுகோல் பக்கத்துல வச்சு ரெண்டு பக்கமும் போட்டோ, ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல பென்சில் படம். பென்சில்ல வரையும்போது கேமரா காட்டாததைக் கை கண்டுபிடிக்கும், இது வரைஞ்சு பாத்தவங்களுக்குத் தெரியும்.

ஸ்டெப் 10: விலைக்கு வந்தா வாங்காதீங்க

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஆசையா ஒரு லிங்க் அனுப்பினாரு, "5000 வருஷப் பழசு சுமேரிய ஊசி, ஒரிஜினல்"னு போட்டு ஒரு நல்ல செல்போன் விலைக்குக் கீழயே கிடைக்குதுன்னு. போட்டோவுல ஊசி பளபளன்னு சுத்தம், எந்த ஊர், எந்தக் குழி, எப்ப தோண்டுனதுன்னு ஒரு வரி இல்ல. தலையைப் பாத்தா லூரிஸ்தான் ஜாடை. போலியா இருந்தா காசு நஷ்டம், நிஜமா இருந்தா அதைவிட மோசம், எங்கேயோ ஒரு குழியை ராத்திரியோட ராத்திரியா கலைச்சு, தோள் எலும்பைத் தள்ளிட்டு எடுத்தது. 2003 ஏப்ரல்ல பாக்தாத் மியூசியத்துலேருந்து ஏறக்குறைய 15000 பொருள் கொள்ளை போச்சு, தெக்க இருக்குற மேடுகளையெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா தோண்டிப் போட்டாங்க. அந்த வருஷம் மே மாசமே ஐநா பாதுகாப்பு கவுன்சில் 1483ம் தீர்மானத்துல 1990 ஆகஸ்ட் 6க்கு அப்புறம் ஈராக்லேருந்து சட்டவிரோதமா எடுத்த பொருள்களை விக்கவோ வாங்கவோ கூடாதுன்னு சொல்லிருச்சு. 2021ல அமெரிக்கா 17000க்கும் மேல பொருள்களை ஈராக்குக்குத் திருப்பிக் குடுத்துச்சு, அவ்ளோ வெளிய போயிருந்துச்சு. அவர்கிட்ட இதையெல்லாம் சொன்னேன், வாங்கல.

வாங்காமலே பாக்குறதுக்கு வழி இருக்கு. வூலி தோண்டினது பாக்தாத், லண்டன், பிலடெல்பியான்னு மூணா பிரிஞ்சு போச்சு, அதையெல்லாம் திரும்ப ஒரே இடத்துல சேத்து உர் ஆன்லைன்னு ஒரு வெப்சைட்ல போட்டிருக்காங்க, காசு கிடையாது. அதுல முதல்ல ஊசியைத் தேடாதீங்க, ஒரு கல்லறை நம்பரைத் தேடுங்க, 800 வேண்டாம், அது எல்லாரும் பாத்தது, பேர் இல்லாத ஏதாவது ஒரு குழி. அங்க என்னென்ன கிடந்துச்சுன்னு லிஸ்ட் வரும், ரெண்டு பானை, நாலு மணி, ஒரு செம்பு ஊசி. வூலி கையால எழுதுன கார்டோட ஸ்கேன் இருந்தா அதைத் திறங்க, ஊசி எந்தப் பக்கம் கிடந்துச்சுன்னு எழுதியிருக்காரான்னு பாருங்க, தோளா, தலையா, பாயா.